சிபியு கூலரை மாற்றலாமா? கடைக்குப் போகும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

"ப்ராசஸர் 85 டிகிரி காட்டுகிறது, கூலர் மாற்ற வேண்டுமா?" என்று கேட்பவர்கள் அதிகம். வெறும் 85 என்ற எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தச் சூடு எத்தனை வாட்டில் வந்தது, அப்போது க்ளாக் ஸ்பீடு (ப்ராசஸர் வேலை செய்யும் வேகம்) எவ்வளவு இருந்தது, அறை எவ்வளவு வெப்பமாக இருந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டும். 65 வாட்டில் 85 டிகிரி என்றால் எங்கோ கோளாறு இருக்க வாய்ப்புண்டு. 140 வாட்டில் அதே 85 வந்தால் அந்தக் கூலர் நன்றாகவே வேலை செய்கிறது.

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தயாரிப்பாளர் வைத்திருக்கும் வெப்ப எல்லை உண்டு. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது 100 டிகிரி. ரைசன் 5 5600, ரைசன் 7 5800எக்ஸ் இரண்டுக்கும் 90. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலும் 95, அதில் 7800எக்ஸ்3டி போன்ற எக்ஸ்3டி வகைகளுக்கு 89. எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், எரிந்து போகாது. ஆகவே பார்க்க வேண்டியது, சூட்டினால் உங்கள் வேலையில் வேகம் குறைகிறதா, அல்லது சத்தம் தாங்க முடியாமல் இருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் இல்லையென்றால் கூலருக்குச் செலவு செய்யக் காரணம் இல்லை. சூடு தடையாக இல்லாத கணினியில் எவ்வளவு பெரிய கூலரைப் போட்டாலும் கேமில் ஃபிரேம் ரேட் கூடாது.

அளப்பது எப்படி

வெப்பம், வேகம் முதலியவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64, ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 ஆகிய இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். கேபினட்டின் பக்கக் கதவை மூடி, அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மேசைக்கு அடியில் சுவரோரமாக இருப்பதென்றால் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் வழக்கமாக உட்காரும் நேரத்தில் சோதியுங்கள். இரவில் ஏசி போட்டு அளந்துவிட்டு, ஏசி இல்லாத மே மாத மதியத்தில் வேலை செய்தால் அந்த அளவால் பயன் இல்லை. அறையின் வெப்பத்தைச் சுவர் தெர்மாமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எச்டபிள்யூஇன்ஃபோவை சென்சார் மட்டும் காட்டும்படி திறந்து, சினிபெஞ்சில் மல்டி கோர் சோதனையை 10 நிமிடம் ஓட விடுங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: சிபியு பேக்கேஜ் வெப்பம் (ஏஎம்டியில் டிசிடிஎல்/டிடை என்ற வரி), பேக்கேஜ் பவர் (ஏஎம்டியில் பிபிடி), எல்லா கோர்களின் சராசரி எஃபெக்டிவ் க்ளாக், ஃபேனின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). பிறகு நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை, அது கேமோ வீடியோ ரெண்டரோ, அரை மணி நேரம் செய்துவிட்டு அதே நான்கையும் மறுபடி பாருங்கள். முடிவெடுக்க இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். பெரும்பாலான கேம்கள் சினிபெஞ்ச் அளவுக்கு ப்ராசஸரை வாட்டாது. ப்ராசஸரை இன்னும் கடுமையாக வாட்டும் பிரைம்95 மென்பொருளின் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையில் 95 வந்ததைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அந்த அளவு சுமை அன்றாட வேலையில் வருவதே இல்லை.

அறையின் வெப்பத்தைக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏர் கூலரோ லிக்விட் கூலரோ, எதுவும் அறையைவிடக் குளிராக ப்ராசஸரை வைக்காது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் திறன். 22 டிகிரி அறையில் எடுத்த யூடியூப் சோதனையில் 72 வந்தால், அது அறைக்கு மேல் 50. உங்கள் அறை 36 என்றால் அதே கூலர், அதே ஃபேன் வேகத்தில் உங்களிடம் 86 பக்கம் காட்டும். கூலர் மோசம் என்று அர்த்தமில்லை. நம் ஊர் வெயிலில் இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் வெளிநாட்டு ரிவ்யூ எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பலர் தேவையில்லாமல் கூலர் வாங்குகிறார்கள்.

எண்கள் சொல்வது என்ன

வெப்பம் எல்லையில் ஒட்டிக்கொண்டு, க்ளாக் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கி, எச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் த்ராட்லிங் வரி 'யெஸ்' (ஆம்) என்று மாறினால், சூட்டினால் வேகம் குறைகிறது. கூலரையோ அது உட்கார்ந்திருக்கும் விதத்தையோ கவனிக்க வேண்டும்.

வெப்பம் 70-75இல் நிற்கிறது, ஆனால் முதல் அரை நிமிடத்துக்குப் பிறகு க்ளாக் இறங்குகிறது, பவரும் சரியாக 65 வாட்டில் போய் நிற்கிறது என்றால் அது பவர் லிமிட், அதாவது ப்ராசஸர் எடுக்கும் மின்சாரத்துக்கு வைத்த வரம்பு. ஐ5-12400 போன்ற இன்டெல் சிப்களில் சிறிது நேரம் அதிக வாட் (12400க்கு 117 வரை), பிறகு நிலையாக 65 என்பதுதான் இயல்பான அமைப்பு. இங்கே கூலரை மாற்றினால் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடக் கூடாது.

மூன்றாவது வகை பலர் கவனிக்காதது. ப்ராசஸர் 70 டிகிரியில்தான் இருக்கும். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை க்ளாக் தடாலென்று 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்து மீளும். ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி மதர்போர்டில் கொதிக்கிறது என்பதற்கு இது அடையாளம். விலை குறைந்த எச்610, ஏ320 போர்டுகள் பலவற்றில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கே (சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடு) இருக்காது. ஸ்டாக் கூலர் (ப்ராசஸரோடு பெட்டியில் வருவது) மேலிருந்து கீழே ஊதுவதால் அந்தக் காற்றில் கொஞ்சம் விஆர்எம்முக்கும் போகும். கோபுரம் போல உயர்ந்து நிற்கும் டவர் கூலர் முன்னிருந்து பின்னாக ஊதும். விஆர்எம்முக்குக் காற்றே போகாது. இத்தகைய போர்டில் டவர் கூலர் போட்டுவிட்டு, ப்ராசஸர் குளிர்ந்த பிறகும் கணினி தடுமாறுகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. கேபினட்டின் பின்புறமோ மேற்புறமோ ஒரு ஃபேன் இருக்க வேண்டும், அல்லது மேலிருந்து ஊதும் வகைக் கூலரே வாங்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது 45-50 காட்டுவதும், பிரவுசர் திறந்தவுடன் ரைசன் ஒரு நொடியில் 15 டிகிரி தாவுவதும் கோளாறே அல்ல. சிப் சிறியது, சுமை வந்த நொடியில் சூடு ஏறும், விட்டதும் இறங்கும். அந்தத் தாவலோடு ஃபேனும் வீறிட்டு அடங்குவது எரிச்சலாக இருந்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் கர்வ் பகுதிக்குப் போய் 60 டிகிரி வரை வேகத்தைச் சமமாக வைத்து, வேகம் கூடுவதற்கான தாமதத்தைச் சில நொடிகளாக உயர்த்துங்கள். சத்தத்துக்காகக் கூலர் மாற்ற நினைத்தவர்களில் பலருக்கு இதுவே போதும்.

முதலில் செய்ய வேண்டிய, அதிகம் செலவில்லாத நான்கு வேலைகள்

முதலில் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சினிபெஞ்ச் சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். 2-3 டிகிரி குறைந்தால் பொருட்படுத்த வேண்டாம். 7-8 டிகிரிக்கு மேல் குறைந்தால் குறை கூலரில் இல்லை, கேபினட்டுக்குள் காற்று வரவில்லை. முன்புறம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட்களில் இதை அதிகம் பார்க்கலாம். முன்னால் ஒன்றிரண்டு 120 மிமீ ஃபேன்கள் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும்.  கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து குளிரும்.

அடுத்து தூசி. ஃபேன் சுத்தமாகத் தெரிந்தாலும் அதற்கு அடியில் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளி போலப் படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பவரை அணைத்து, வயரைப் பிடுங்கி, இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அதிவேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

மூன்றாவது, கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது. இன்டெல் ஸ்டாக் கூலரில் நான்கு மூலைகளிலும் புஷ் பின்கள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் போர்டின் துளையில் முழுதாக இறங்காமல் தொற்றிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும். போர்டைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக் கால் துளைக்கு வெளியே வந்து, அதன் நடுவே கறுப்புப் பின் நுழைந்து இரண்டு பக்கமும் விரித்திருக்க வேண்டும். ஒரு மூலையில் கறுப்பு தெரியாவிட்டால் அந்த மூலை தூக்கியிருக்கிறது. 15-20 டிகிரி வித்தியாசம் அதனாலேயே வரும். சரிசெய்ய நான்கு தலைகளையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்து விடுவித்து, மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக ஜோடி ஜோடியாக 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். போர்டு வளைகிறதே என்று பாதியில் விடுவதால்தான் பின் இறங்காமல் போகிறது. முடிந்தால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்துச் செய்வதே நல்லது. கூலரைத் தூக்கிய பிறகு பழைய பேஸ்டின் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பசை) மேலேயே திரும்ப வைக்கக் கூடாது. துடைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

நான்காவது பயாஸ். பல மதர்போர்டுகள் இன்டெல் சொன்ன வாட் அளவைப் பொருட்படுத்தாமல் பவர் லிமிட்டை 4096 வாட் என்று, அதாவது எல்லையே இல்லாமல், வைத்திருக்கும். ஐ7-12700க்கு இன்டெல் சொல்வது 65 வாட் நிலையாக, உச்சத்தில் 180. கட்டுப்பாடு இல்லாத போர்டில் அது ரெண்டர் முடியும் வரை அதிக வாட்டிலேயே ஓடும். ஸ்டாக் கூலர் 100 டிகிரியில் திணறும். பிஎல்1 (நிலையான வரம்பு), பிஎல்2 (உச்ச வரம்பு) இரண்டையும் 100-125 வாட்டுக்கு இறக்கினால் வேகம் சிறிதளவே குறையும், சூடு நன்றாகவே இறங்கும். ரைசன் 7000இல் இதற்கு எக்கோ மோட் உண்டு. 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவை 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டே முழுச் சுமையில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. 65 வாட் எக்கோ மோடில் போட்டால் கேமில் வித்தியாசம் தெரிவது அரிது. 5800எக்ஸுக்கு, ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்கி ஒவ்வொரு படியாக இறக்கிப் பாருங்கள். கணினி காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் ஒரு படி மேலே ஏற்றுங்கள்.

எப்போது வாங்கலாம்

இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் அன்றாட வேலையில் வெப்பம் எல்லையைத் தொட்டு வேகம் இறங்கினால் வாங்குங்கள். ஸ்டாக் ஃபேன் 2,500-3,000 ஆர்பிஎம்மில் அலறுவது பக்கத்தில் உட்கார முடியாமல் செய்தாலும் வாங்குங்கள். அதே சூட்டை 120 மிமீ ஃபேன் பாதிக்கும் குறைவான வேகத்தில் வெளியேற்றும். இரண்டுமே நியாயமான காரணங்கள். ஃபேன் பேரிங் தேய்ந்து கரகரப்பதும், பெட்டியில் கூலர் வராத 5700எக்ஸ் அல்லது இன்டெல் 'கே' வரிசைக்கு மாறுவதும் யோசிக்கவே வேண்டாத காரணங்கள்.

ஐ3-12100, ஐ5-12400, ரைசன் 5 5600 வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாக் கூலர் தாங்கும். ஏசி இல்லாத அறையில் நாள் முழுக்க ரெண்டர் போட்டால் மட்டும் டவர் கூலர் கைகொடுக்கும். 7600, 7800எக்ஸ்3டி இரண்டுக்கும் ஒற்றை டவர் நிறைவாகப் போதும். 5800எக்ஸில் எட்டு கோரின் சூடும் ஏறக்குறைய 80 சதுர மிமீ சிப்பிலிருந்து வருவதால், நல்ல ஒற்றை டவருக்கு மேல் எவ்வளவு பெரியது போட்டாலும் குறைவது சில டிகிரிதான். 12700, 13700 போன்றவற்றை முழு வாட்டில் ஓட்ட இரட்டை டவர் தேவை. உச்சத்தில் 253 வாட் இழுக்கும் 13900கே, 14900கே இரண்டுக்கும் மட்டுமே 360 மிமீ லிக்விட் கூலரைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு லிக்விட் கூலரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பம்ப் நின்றால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும். டவரில் ஃபேன் போனால் வேறொரு 120 மிமீ ஃபேனை அதே கம்பிக் கிளிப்பில் மாட்டிவிடலாம்.

பெட்டியில் "220 வாட் டிடிபி" (இத்தனை வாட் சூட்டைத் தாங்கும்) என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இதை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை கிடையாது. நான்கு ஹீட் பைப் (சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) கொண்ட ஒற்றை 120 மிமீ டவர், ஏசி இல்லாத அறையில் 120-130 வாட் வரை நிம்மதியாகத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பைப் இரட்டை டவருக்கு 180 பக்கம். இந்த எண்களைக் கொஞ்சம் குறைத்தே சொல்கிறோம். மே மாதத்தில் அது உதவும்.

வாங்குவதற்கு முன் ஸ்கேலை எடுத்து, ப்ராசஸரின் மேல்பரப்பிலிருந்து பக்கக் கதவு வரை அளந்துகொள்ளுங்கள், அல்லது கேபினட் விவரத்தில் கூலர் உயரத்தைப் பாருங்கள். டீப்கூல் ஏகே400, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இரண்டும் 155 மிமீ. நாக்டுவா என்எச்-டி15 165 மிமீ. சின்ன கேபினட்கள் பலவற்றில் 155ஏ இடிக்கும். கதவு மூடாத கூலரை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைவதைவிட ஒரு நிமிடம் அளப்பது எளிது. ப்ராசஸருக்கு நெருக்கமான ரேம் ஸ்லாட்டில் உயரமான ஹீட்சிங்க் போட்ட ரேம் இருந்தால் ஃபேன் அதன்மேல் ஏறி உட்காரும். அப்போது உயரம் இன்னும் கூடும்.

சாக்கெட்டையும் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பாருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1200, 1151 போர்டுகளில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடையே 75 மிமீ. எல்ஜிஏ1700, 1851இல் 78 மிமீ. கடையின் பழைய இருப்பிலிருந்து கூலர் வாங்கினால் 1700க்கான பாகம் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 (ரைசன் 5000 வரை) கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5இலும் (ரைசன் 7000 முதல்) பொருந்தும். ஆனால் சொந்தப் பின்தகடு போட்டு இறுக்கும் வகை ஏஎம்5இல் பொருந்தாது. அங்கே போர்டின் பின்தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, அதைக் கழற்றக் கூடாது.

மாட்டும்போது

ஏஎம்4இல் முதல் ஆபத்து பழைய கூலரைக் கழற்றுவதில் இருக்கிறது. காய்ந்த பேஸ்ட் ப்ராசஸரைக் கூலரோடு ஒட்டி வைத்திருக்கும். நேராக மேலே இழுத்தால் சாக்கெட் லீவர் மூடியிருந்தாலும் ப்ராசஸர் பிய்த்துக்கொண்டு வந்து, கால்கள் வளையும். பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, வயரைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்திய பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டது தெரிந்த பிறகே தூக்குங்கள். ஏஎம்டியின் ஸ்டாக் கூலரான ஸ்டெல்த்தின் நான்கு ஸ்க்ரூவும் வெளியே வந்தால் பின்தகட்டுக்குப் பிடிமானம் இருக்காது. போர்டு நிமிர்ந்து நின்றால் அது பின்னால் விழுந்துவிடும். கேபினட்டைப் படுக்க வைத்துச் செய்யுங்கள்.

மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த துணியால் பழைய பேஸ்டைத் துடையுங்கள். புதிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். அதை உரிக்க மறப்பது இன்றும் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஏஎம்4, ஏஎம்5க்கு நடுவில் பச்சைப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும்; நீள்சதுரமான எல்ஜிஏ1700க்கு நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. விரலால் பூச வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு சுற்று இறுக்கி, தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கம் ஒதுங்கும். ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதிய நான்கு பின் இடத்தில் மாட்டுங்கள். டவர் ஃபேன் கேபினட்டின் முன்புறத்திலிருந்து இழுத்துப் பின்புறம் தள்ள வேண்டும். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும்.

முதலில் பயாஸுக்கு மட்டும் போய் இரண்டு நிமிடம் வேடிக்கை பாருங்கள். அங்கே மின்சேமிப்பு இல்லாததால் 45-55 காட்டுவது சரி. ஒரே நிமிடத்தில் 85ஐத் தாண்டி ஏறினால் அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்: தாள் உரிக்கப்படவில்லை, அல்லது கூலர் தொடவே இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் பழையபடி சினிபெஞ்ச் ஓட்டி, அதே நான்கு எண்களை அதே அறை வெப்பத்தில் ஒப்பிடுங்கள். ஸ்டாக்கிலிருந்து டவருக்கு மாறி, வாட்டும் மாறாமல், 10 டிகிரிகூடக் குறையவில்லையென்றால் முதலில் ஃபேன் வேகத்தைப் பாருங்கள். புதிய ஃபேன் மெதுவாகச் சுற்றி, லாபத்தைச் சூட்டுக்குப் பதில் சத்தத்தில் கொடுத்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கழற்றிப் பேஸ்ட் பரவிய தடத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லியதாகவும் ஓரங்களில் கொஞ்சம் பிதுங்கியும் இருக்க வேண்டும். ஒரு மூலையில் தடிமனாக இருந்தால் அந்த மூலை ஸ்க்ரூ இறங்கவில்லை.

ஸ்டாக் கூலரை அதன் ஸ்க்ரூக்களோடு பெட்டியில் போட்டு வையுங்கள். புதிய ஃபேன் திடீரென்று நின்றால் அன்றைக்கு வேலையை ஓட்டிவிடலாம், பின்னாளில் ப்ராசஸரை விற்கும்போது கூலரோடு சேர்த்துக் கொடுத்தால் விலையும் கொஞ்சம் கூடும்.